அம்மாவின் டெலிபோன் குரல்

ஐஸ் நிரப்பிய வாளிக்குள் இரண்டு கால்களையும் முழங்கால் வரை இறக்கிவிட்டு, டவாரிஸ் கில்லியம் அம்மாவுக்கு போன் போட்டான். உடை மாற்றும் அறை முழுக்க ஒரே கூச்சல். செயின்ட் லூயிஸ் கூடைப்பந்து அணி, கோப்பைக்கான ப்ளேஆஃப் ஆட்டங்களில், இரண்டாவது சுற்றின் முதல் ஆட்டத்தில் ஜெயித்திருந்தது. ஆளாளுக்குத் துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டான். தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த நாளிலிருந்து, ஜெயித்தாலும் தோற்றாலும் முதல் போன் அம்மாவுக்குத்தான். அவள் எடுத்ததும் ஹலோ சொல்கிற வழக்கம் கிடையாது. "அந்தக் கடைசி ஃப்ரீ த்ரோவ கண்ணத் தொறந்துட்டுப் போட்டியா, மூடிட்டுப் போட்டியாடா?" என்றுதான் தொடங்குவாள். மிசிசிப்பியில், கிரீன்வுட்டில், தன் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு நாட்டின் எல்லா பயிற்சியாளர்களையும்விடத் தனக்கு அதிகம் தெரியும் என்று நம்புகிறவள் அவள்.

"வணக்கம். எர்னஸ்டீன் கில்லியம் பேசுகிறேன்" என்றது போன்.

அவன் சிரித்துவிட்டான். "நான்தாம்மா."

"தெரிகிறது. நீங்கள் மிகவும் நன்றாக விளையாடினீர்கள். வாழ்த்துகள்."

"ம்மா, என்னம்மா இது? கரண்ட் ஆபீஸ்காரன்னு நெனச்சிட்டியா?"

"இல்லை. உங்களுக்குக் களைப்பாக இருக்கும். ஓய்வெடுங்கள். நன்றி."

அவ்வளவுதான். அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் குரலை அவனுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் தெருவில் எல்லாக் கறுப்பர் வீட்டிலும் அப்படி ஒரு குரல் இருந்தது. அதற்கு டெலிபோன் குரல் என்றே பெயர். அம்மா ஸ்கூல் பஸ் ஓட்டியவள். பஸ்ஸில் எந்தப் பொடியனும் அவள் வாய்க்குப் பயந்து வாலைச் சுருட்டிக்கொண்டு உட்காருவான். ஆனால் கரண்ட் ஆபீசுக்கோ பாங்குக்கோ பள்ளிக்கூட அலுவலகத்துக்கோ போன் பேசவேண்டி வந்தால், ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி, தொண்டையைச் செருமிக்கொள்வாள். பிறகு வருவது வேறு யாரோ ஒரு பெண்மணியின் குரல். ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்டு மடித்தாற்போல வரும். சின்ன வயதில் அவன் பயந்துபோய் சமையலறையை எட்டிப் பார்த்திருக்கிறான், யார் வந்திருப்பது என்று. "இந்தக் குரல்ல கேட்டாத்தான்டா வெள்ளக்காரனுவ காது குடுப்பானுவ" என்று சொல்லி அவனுக்கும் பழக்கிவிட்டாள். ஆனால் அதற்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. அந்தக் குரல் வெளியாட்களுக்கு மட்டும். வீட்டு மனிதரிடம் ஒருவரும் அதை எடுக்கக்கூடாது. அப்படி எடுத்தால், உன்னை எனக்கு யாரென்றே தெரியாது என்று அர்த்தம்.

பத்திரிகைக்காரர்களிடம் அவன் அந்தக் குரலில்தான் பேசுவான். "ஒவ்வொரு ஆட்டமாகப் பார்க்கிறோம், எதிரணிக்கு மரியாதை உண்டு" என்று சப்பென்று சொல்லிவிட்டு எழுந்து போவான். மறுநாள் பேப்பரில், "நன்றாகப் பேசத் தெரிந்தவர்" என்று எழுதுவார்கள். இத்தனை வருடத்தில் ஒரு வெள்ளைக்கார ஆட்டக்காரனைப் பற்றி ஒருத்தரும் அப்படி எழுதி அவன் படித்ததில்லை. கோர்ட்டுக்குள் இறங்கினால் கதை வேறு. அங்கே அவனுக்கு இருந்த வாய் அம்மாவின் வாய். எதிரணியில் பெரிய ஆள் ஒருவன், தடுக்க ஆளில்லாமல் வளையத்தைக் குறிபார்த்து ஃப்ரீ த்ரோ போட நிற்கும்போது பக்கத்தில் போய், "ஷூ புதுசா? பாத்து. போன வாரமும் புதுசு போட்டுட்டு அதே பழைய ஆட்டத்தத்தான் ஆடுன" என்பான் சத்தமில்லாமல். பந்து வளையத்தில் பட்டு வெளியே போகும். அந்த வித்தையை அவனுக்கு யாரும் பயிற்சி முகாமில் கற்றுத் தரவில்லை. பள்ளிக்கூட ஆட்டங்களில் பெஞ்சின் மேல் ஏறி நின்று, வெளியே அனுப்பிவிடுவேன் என்று நடுவர் மிரட்டுகிற வரை எதிரணியைக் கிழித்துத் தோரணம் கட்டுவாள் அம்மா. கேட்டுக் கேட்டு வந்தது.

கோல் ஸ்டிடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கென்டக்கி மலைப்பக்கத்து வெள்ளைக்காரன். அணியில் அவனுக்கு நெருங்கியவன். கையில் போன் இருந்தது.

"மாப்ள, உங்கம்மா டிவில வந்தாங்களே, பாத்தியா?"

"எங்க பாக்க? ஹாஃப் டைம்ல போட்டானுங்களாம். ஏன், எதுவும் ஏடாகூடமாச் சொல்லிட்டாங்களா?"

கோல் சிரிக்கவில்லை. "நீயே பாரு" என்று போனைக் கொடுத்தான்.

அன்று அன்னையர் தினம். ஆட்டத்தை ஒளிபரப்பிய சேனல், ஆட்டக்காரர்களின் அம்மாக்களை வைத்து ஒரு நிகழ்ச்சி செய்திருந்தது. முதலில் கோலின் அம்மா. சமையலறை மேஜையில் சாய்ந்துகொண்டு, மலைக்காட்டுப் பேச்சில், பாதிச் சொல்லை விழுங்கிப் பேசினாள். கோலோடு வருடக்கணக்கில் பழகிய டவாரிசுக்கே அதில் பாதிதான் பிடிபட்டது. அடுத்து வந்தாள் எர்னஸ்டீன். ஊதா நிற சர்ச் தொப்பி, காதில் முத்து. சோபாவின் நுனியில் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். "வவுத்துல கெடக்கையிலயே எகத்தாளம் புடிச்ச பய. நான் ஒரு ஏச்சு ஏசுனா உள்ள இருந்து ரெண்டு ஒதை ஒதைப்பான்."

அவள் முகத்துக்குக் கீழே மஞ்சள் எழுத்து ஓடியது. 'கருவில் இருக்கும்போதே அவன் குறும்புக்காரன். நான் ஒருமுறை கடிந்துகொண்டால் அவன் இருமுறை உதைப்பான்.'

இங்கிலீஷுக்கு இங்கிலீஷில் எழுத்து. இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டுப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய ஒருத்தி பேசியதைச் சொந்த நாட்டுக்காரனுக்கே மொழிபெயர்த்துக் காட்டியிருந்தார்கள். கோலின் அம்மாவுக்குக் கீழே ஒரு எழுத்துகூட இல்லை. டவாரிஸ் பின்னால் தள்ளி இரண்டு முறை பார்த்தான். இல்லவே இல்லை.

முடிவில் அம்மா செத்துப்போன அப்பாவைப் பற்றிச் சொன்னாள். ஊரே அப்பாவை ஜூன்பக் என்றுதான் கூப்பிடும். அது வண்டின் பெயர். "எங்க ஜூன்பக் மட்டும் இருந்திருந்தா இன்னிக்கி முன் வரிசையில குந்திக்கிட்டு..." என்று சொல்லிவிட்டு நிறுத்தி, கைக்குட்டையை எடுத்தாள். கீழே, 'எங்கள்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'தெளிவில்லை' என்று போட்டிருந்தார்கள்.

அவன் வாளியிலிருந்து காலை எடுத்த வேகத்தில் ஐஸ் தரையெல்லாம் சிதறியது.

"எங்கம்மா பேசுனது எனக்கே பாதி புரியல மாப்ள" என்றான் கோல். "அதுக்குப் போடல. உங்கம்மாவுக்குப் போட்டிருக்கான். எனக்கு எங்க மூஞ்சிய வெச்சுக்கிறதுன்னு தெரியல."

டவாரிசுக்கு சேனல்காரர்கள் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. அவர்கள் படம் எடுக்க வருவதற்கு முந்தின நாள் அம்மா கேட்டிருந்தாள். "ஏன்டா, டெலிபோன் குரல்ல பேசட்டா? டிவிங்கறியே." அவன்தான் சொன்னான். "சும்மா இரும்மா. அதெல்லாம் அந்தக் காலம். வீட்ல பேசுற மாதிரியே பேசு. ஜனங்களுக்கு அதுதான் புடிக்கும்." டிவிக்காரர்கள் சட்டையில் மைக் மாட்டிவிட்டு அவன் கோர்ட்டில் ஆடிய நாட்களில், அவன் பேச்சைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு உலகமே சிரித்திருந்தது. அவர்கள் தன்னோடு சேர்ந்து சிரிக்கிறார்கள் என்று நம்பியிருந்தான். அந்த நம்பிக்கையில் பெற்ற தாயைக் கொண்டுபோய் நடுத்தெருவில் உட்காரவைத்துவிட்டான். அவள் சர்ச்சில் பாதிப் பேரை வீட்டுக்கு அழைத்து, கோழி பொரித்து வைத்து, எல்லாரோடும் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் டக் வெஸ்டர்மனின் அறைக்குப் போனான். டக், அணிக்கும் பத்திரிகை, டிவிக்காரர்களுக்கும் நடுவே நிற்கிற அதிகாரி. ஐம்பது தாண்டிய வெள்ளைக்காரர். ஆட்டக்காரர்கள் பேசுவதைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசுவார். போன வருடம் உடை மாற்றும் அறையில் பிறந்து செத்துப்போன சொல்லெல்லாம் இந்த வருடம் அவர் வாயில் உயிரோடிருக்கும்.

"வா மச்சி. உங்கம்மா செம ஹிட். அவங்க சொன்னத டி-ஷர்ட்ல அச்சடிச்சு விக்கலாமான்னு ஒரு கம்பெனி கேக்குது."

"எழுத்து எதுக்குப் போட்டாங்க?"

"எந்த எழுத்து?" என்றவர் புரிந்துகொண்டார். "ஓ, அதுவா. அது எல்லாருக்கும் புரியணும்னு போடறது. தெளிவுக்காக. தப்பா எடுத்துக்காத."

"கோல் அம்மாவுக்கு ஏன் போடல?"

டக் நாற்காலியில் நிமிர்ந்தார். "அது... எடிட் பண்றவங்க முடிவு. ஆளுக்கு ஆள் மாறும்."

"அப்ப ஆளப் பாத்துத்தான் போட்டிருக்காங்க."

"அப்படி நான் சொல்லல டவாரிஸ்."

"நீங்க சொல்ல வேணாம் சார். நீங்க இப்ப கூப்ட்டீங்களே மச்சின்னு, அது எங்க ஆளுங்க பேச்சு. உங்களுக்குக் கீழ எவனாவது எழுத்து போட்டானா? எங்க வாயில வந்தா மொழிபெயர்ப்பு, உங்க வாயில வந்தா ஸ்டைலு."

எழுத்து இல்லாமல் அதே நிகழ்ச்சியை மறுபடி போடவேண்டும், அம்மாவுக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றான் அவன். டக் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். சாயங்காலமே சேனலிலிருந்து பதில் வந்துவிட்டது. யார் மனதாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறார்களாம்; நேயர்களின் வசதிக்காகச் செய்ததாம்; திருமதி கில்லியம் ஒரு பொக்கிஷமாம். பொக்கிஷம் என்ற சொல்லுக்கு மேல் அவன் படிக்கவில்லை. பயிற்சிக்குப் போகிற வழியில் காரில் ரேடியோவைப் போட்டால், அங்கேயும் இதே பேச்சு. யாரோ ஒருவன் போன் போட்டுச் சொல்கிறான், "இவ்வளவு சம்பாதிக்கிறான், அம்மாவுக்கு ஒரு டியூஷன் வாத்தியார் வெக்கக்கூடாதா?" நிகழ்ச்சி நடத்துகிறவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். டவாரிஸ் ரேடியோவை அணைத்தான். அணைத்த பிறகும் விரலை எடுக்காமல் அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே ஓட்டினான்.

தினமும் அம்மாவுக்கு போன் போட்டான். தினமும், "வணக்கம். எர்னஸ்டீன் கில்லியம் பேசுகிறேன்." ஒரு நாள் கத்தியே விட்டான். "என்கிட்ட ஏம்மா இப்படிப் பேசுற? நான் உம் புள்ளம்மா." அதற்கு அவள், "பழக்கம் விட்டுப்போய்விடக் கூடாது அல்லவா. உங்களுக்கு என்னால் இன்னொரு முறை தலைகுனிவு வரக்கூடாது" என்றாள். குரலில் கோபமில்லை, வருத்தமில்லை. கரண்ட் ஆபீஸில் ரசீது எண் சொல்கிற மாதிரி சொன்னாள்.

வியாழக்கிழமை சிஸ்டர் ஓபல் அவனைக் கூப்பிட்டாள். அம்மாவோடு சர்ச்சில் சேர்ந்து பாடுகிறவள், பக்கத்துத் தெரு.

"டேய் தம்பி, நேத்து பைபிள் வகுப்புக்கு வந்தா உங்கம்மா. வாயத் தொறக்கல. பாஸ்டர் தப்பா ஒரு வசனத்தச் சொன்னாரு, அப்பயும் தொறக்கல. ஞாயித்துக்கெழம அறிவிப்பு வாசிக்கிறத வேற யாருக்காச்சும் குடுத்துருங்கன்னு சொல்லிட்டா. அதுவும் எப்படிச் சொன்னாங்கற? வெள்ளக்கார டாக்டரம்மா மாதிரி சொன்னா. எங்ககிட்டயேடா."

"நான் பாத்துக்கறேன் சிஸ்டர்."

"என்னத்தப் பாப்ப நீ? அவ வாய் இல்லாட்டி எங்க சர்ச்சுல என்னடா இருக்கு?"

சனிக்கிழமை மத்தியானம் அடுத்த ஆட்டம். அவன் இதுவரை ஆடாத ஆட்டம் ஆடினான். வாயைத் திறக்காமல் ஆடினான். வழக்கமாக அவனிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற எதிரணிக்காரன் ஒருவன் மூன்றாம் பகுதியில் பயந்துபோய், "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். டவாரிஸ் பதில் சொல்லாமல் அவன் தலைக்கு மேலே பந்தைப் போட்டான். செயின்ட் லூயிஸ் மறுபடி ஜெயித்தது. ஜெயித்த அணியில் நன்றாக ஆடியவனைக் கோர்ட்டின் ஓரத்திலேயே நிறுத்தி மைக்கை நீட்டுவது வழக்கம். அதே சேனல்தான். மைக் பிடித்த பெண் சிரித்தபடி வந்தாள். அரங்கத்தின் பெரிய திரையில் அவன் முகம் வந்தது.

"டவாரிஸ், கடைசி அஞ்சு நிமிஷத்துல என்ன மாறுச்சு?"

"இது நேரலைதானேங்க?" என்றான்.

"ஆமா."

"அப்ப கீழ எழுத்து போட முடியாதுல்ல? நல்லது." பிறகு அவன் அம்மா வீட்டுச் சமையலறைப் பேச்சில், கிரீன்வுட் தெருப் பேச்சில், ஒரு மூச்சில் சொன்னான். "அந்த நெட்டையன் வலப்பக்கம் ஒருச்சாஞ்சுதான் காவல் நிப்பான், அவன் முட்டி சரியில்ல, மொத பாதியிலயே பாத்துட்டேன். அதான் கோல அவன் முன்னாடி மறிக்கச் சொல்லிட்டு நான் எடப்பக்கமாப் பூந்தேன். தொரத்திட்டு வந்தா கோல் சும்மா நிக்கான், அவங்கிட்டப் பந்து. வரலன்னா நானே போட்டேன். அவனுவ கடசி வரைக்கும் என்ன நடக்குன்னே வெளங்காம முழிச்சானுவ." நிறுத்தினான். "உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுது" என்றாள் அந்தப் பெண்.

"அப்ப எங்கம்மா பேசுனது மட்டும் ஏங்க புரியல?"

அரங்கம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. அவன் மைக்கை அவள் கையிலேயே விட்டுவிட்டு நடந்தான். நெஞ்சு லேசாக இருந்தது. அம்மா பார்த்திருப்பாள். இந்நேரம் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, சாமியைக் கூப்பிட்டுக் கூத்தாடிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தான்.

உடை மாற்றிக்கொண்டு வருவதற்குள் கோல் வழி மறித்தான். "மாப்ள, போனப் பாக்காத. சொன்னாக் கேளு."

அவன் பார்த்தான். சேனல் அந்தப் பேட்டியை அதற்குள் வெட்டித் தன் பக்கத்தில் போட்டிருந்தது. லட்சக்கணக்கானவர்கள் பார்த்தாகிவிட்டது. அவன் வாய் அசைகிறது. கீழே மஞ்சள் எழுத்து ஓடுகிறது. 'என் தாய் பேசியது மட்டும் ஏன் உங்களுக்குப் புரியவில்லை?' சுத்தமாக, பிழையில்லாமல், நிறுத்தக்குறி எல்லாம் போட்டு.

கோல் அவன் தோளைப் பிடிக்கப் போனான். டவாரிஸ் கையைத் தட்டிவிட்டான். யாரை அடிப்பது? எவன் உட்கார்ந்து அதைத் தட்டினானோ அவனுக்கு இதில் ஒரு தப்பும் தெரிந்திருக்காது. இந்த மாதிரி முகத்துக்குக் கீழே எழுத்து போடவேண்டும் என்பது அவன் கைக்கே பழகியிருக்கும். அந்த நினைப்புதான் தாங்க முடியாததாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம்.

டக் தூரத்திலிருந்து கையைக் காட்டினார். பத்திரிகையாளர் கூடத்துக்கு அவன் போயாகவேண்டும்; போகாவிட்டால் அபராதம். அவன் அவருக்கு முதுகைக் காட்டி நின்று, சாமான் வண்டிகள் நிறுத்தியிருந்த மூலைக்குப் போய் போன் போட்டான்.

"வணக்கம். எர்னஸ்டீன் கில்லியம் பேசுகிறேன்."

"பாத்தியாம்மா?"

"பார்த்தேன். மிகவும் தைரியமாகப் பேசினீர்கள். ஆனால் அது தேவையில்லாத சிரமம்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கெஞ்சிப் பார்த்தாயிற்று, கத்திப் பார்த்தாயிற்று. இனி அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான் பாக்கி, அதுவும் அவள் கொடுத்தது. ஃப்ரீ த்ரோ போடுகிறவன் பக்கத்தில் போய் நிற்கிற குரலை எடுத்தான்.

"சரி, அத விடு. சர்ச் விருந்துல சிஸ்டர் ஓபலோட உருளக்கெழங்கு சாலட்தான் மொதல்ல தீருதாமே? உன்னோடது அப்படியே வீட்டுக்குத் திரும்பி வருதாமே?"

"அப்படியா" என்றாள். "தெரிவித்ததற்கு நன்றி."

"நீ பஸ் ஓட்டுன லட்சணம் எனக்குத் தெரியாதா? நம்ம ரோட்ல நேரா நிக்கிற தபால் பெட்டி ஒண்ணு உண்டா? புள்ளைங்க எல்லாம் ஏறும்போதே ஜெபம் பண்ணிட்டுத்தான் ஏறும். அப்பா உன் பக்கத்துல உக்காந்து வரமாட்டேன்னு நடந்தே வேலைக்குப் போனாரு."

மூச்சு உள்ளே இழுபடுகிற சத்தம் கேட்டது. அந்த மூச்சு அவனுக்குத் தெரியும். அது இழுபட்டால், அடுத்து எதிராளி குழி தோண்டிப் படுத்துக்கொள்ளலாம். அவன் போனைக் காதோடு அழுத்தினான். வா, வா, என்று மனதுக்குள் சொன்னான்.

"அது உண்மையல்ல" என்றாள் எர்னஸ்டீன். "அடுப்பில் பாத்திரம் இருக்கிறது. பிறகு பேசுவோம்."

மேஜையில் போனை வைக்கிற சத்தம். அவளுக்கு இன்றுவரை அந்த போனைச் சரியாக அணைக்கத் தெரியாது. கவிழ்த்து வைத்தால் முடிந்தது என்று நினைப்பாள். மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. கரண்டி உரசியது. பாத்திரத்தோடு பேசாமல் அவள் ஒரு நாளும் சமைத்ததில்லை.

"திமிரப் பாரு இந்தப் பயலுக்கு. எங்கிட்டயே வாயக் காட்டுறான். தபால் பொட்டியாம்ல, தபால் பொட்டி..."

டவாரிசுக்கு முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. கண்ணில் நீர் முட்டியது. இதோ இருக்கிறாள், எங்கேயும் போகவில்லை என்று சொல்ல கோலைத் தேடித் திரும்பினான்.

அந்தப் பக்கம் கரண்டி நின்றது. பிறகு அவள் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது.

"அவனுக்குத் திமிர் அதிகம்" என்றாள், ஆளில்லாத சமையலறையில், ஒவ்வொரு சொல்லாக. "என்னிடமே வாயைக் காட்டுகிறான்."

சொன்ன விதத்தில் ஏதோ அவளுக்குச் சரியாகப் படவில்லை போலிருக்கிறது. முதலிலிருந்து மறுபடி சொன்னாள். டக் பக்கத்தில் வந்து நின்று கடிகாரத்தைக் காட்டினார். டவாரிஸ் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அங்கே அவள் இன்னொரு முறை, இன்னும் மெதுவாக, "அவனுக்கு" என்று ஆரம்பித்தாள்.